பதினைந்து சென்டிமீட்டர் வண்டல்

ஆகஸ்ட், செப்டம்பர் ஆனால் சென்னையின் எந்தப் பேட்டைக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். நடைபாதையோரம் வடிகால் மூடிகள் திறந்து கிடக்கும். கறுப்பு வண்டல் சிறு சிறு குவியலாகக் காய்ந்துகொண்டிருக்கும். பணி நடக்கிறது என்று ஒரு தட்டி நிற்கும். அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழையின் முதல் நல்ல மழை பெய்யும். முக்கால் மணி நேரத்தில் தெருவில் கணுக்கால் அளவுத் தண்ணீர். பால் வாங்கப் போகிறவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி கேட்பார்: “இப்பத்தானே தூர்வாரினாங்க? போன வருஷம்தானே கால்வாயே கட்டினாங்க?”

டீக்கடையில் இதற்கு மூன்று பதில்கள் கிடைக்கும். காண்டிராக்டர் தின்றுவிட்டார், ஏரியில் வீடு கட்டினால் இப்படித்தான், மழை முன்னைப்போல இல்லை. மூன்றிலும் உண்மை இருக்கலாம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய ஒரே நாள் மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. அந்த அளவு மழைக்கு உலகின் எந்தத் தெரு வடிகாலும் போதாது. அதை இந்த அத்தியாயம் தொடவில்லை. நமக்கு வேண்டியது சாதாரண மழை, ஆண்டுக்கு நாலைந்து முறை வருவது, அந்த வடிகால் தாங்கும் என்று பொறியாளர் கணக்குப் போட்டுக் கட்டிய மழை. அந்த மழையில் ஏன் தண்ணீர் நிற்கிறது? நல்ல சிமென்ட், நேர்மையான காண்டிராக்டர், ஏரியில்லாத இடம் என்று எல்லாம் சரியாக அமைந்த ஒரு தெருவிலும் நிற்க முடியுமா?

முடியும். அப்படி ஒரு தெருவைக் காகிதத்தில் கட்டிப் பார்ப்போம்.

நாற்பது கிரவுண்டு

தெருவின் நீளம் 250 மீட்டர். இரண்டு பக்கமும் இருபது இருபது மனைகள், ஒவ்வொன்றும் சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. மீட்டரில் சொன்னால் சுமார் 223 சதுர மீட்டர். நாற்பது மனையும் சேர்ந்து 8,900 சதுர மீட்டருக்குச் சற்று மேல். முப்பதடிச் சாலை இன்னொரு 2,250. ஆக, வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பரப்பு ஏறக்குறைய 11,000 சதுர மீட்டர்.

மழையை மில்லிமீட்டரில் அளப்பதில் ஒரு வசதி உண்டு. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் பெய்தால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 60 லிட்டர். நம் தெருவில் விழுவது 6,60,000 லிட்டர். கோடையில் தண்ணீருக்குக் காத்திருக்கிறோமே, அந்த 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் ஐம்பத்தைந்தைக் கொண்டுவந்து ஒரே மணி நேரத்தில் ஒரு தெருவில் கொட்டியதாக வைத்துக்கொள்ளலாம்.

எல்லாமும் வடிகாலுக்கு வருவதில்லை. தோட்ட மண் கொஞ்சம் குடிக்கும். வீட்டைச் சுற்றி மண் தரையும் கிணற்றடி வாழையும் இருந்த காலத்தில் இதில் பெரும்பகுதி நிலத்திலேயே தங்கியிருக்கும். இப்போது மனையெங்கும் கட்டடம், மிச்சமிருக்கும் இடத்தில் டைல்ஸ், காருக்குச் சிமென்ட் தளம், தெருவுக்குத் தார். விழுவதில் பத்தில் ஒன்பது பங்கு தெருவுக்கு ஓடிவரும் என்று வைத்தால் மணிக்கு சுமார் 6 லட்சம் லிட்டர், விநாடிக்கு 167 லிட்டர்.

இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

புதிய வடிகால் எவ்வளவு கொண்டுபோகும்?

சாலையின் ஒரு பக்கத்தில் 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழத்தில் கான்கிரீட் வடிகால் கட்டுகிறோம். இந்தத் தெருதான் தொடக்கம். மேலேயிருந்து வேறு தெருத் தண்ணீர் இதில் சேர்வதில்லை என்று வைத்துக்கொள்வோம். (உண்மையில் இவ்வளவு கொடுத்துவைத்த தெருக்கள் குறைவு.) அடுத்தது சரிவு. சென்னை தட்டையான ஊர். பல பகுதிகள் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான் இருக்கின்றன. இரண்டாயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் கிடைக்கிறது என்று வைத்தால், நம் 250 மீட்டர் தெருவின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அரைச் சாணுக்குக் கொஞ்சம் அதிகம்.

இப்படிப்பட்ட வாய்க்காலில் தண்ணீர் என்ன வேகத்தில் ஓடும் என்பதற்கு ராபர்ட் மேனிங் என்ற அயர்லாந்துப் பொறியாளர் 1889இல் ஒரு சூத்திரம் முன்வைத்தார். இன்றும் பொறியாளர்கள் அதைத்தான் கையாளுகிறார்கள். சூத்திரம் நமக்கு வேண்டாம், அதன் சாரம் போதும். தண்ணீரைக் கீழே இழுப்பது சரிவு. பிடித்து நிறுத்தப் பார்ப்பது தரையும் இரு சுவர்களும். தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும் இந்த மூன்று பக்கங்களின் நீளத்தை ‘நனையும் விளிம்பு’ என்று அழைப்போம். தண்ணீரின் பரப்பு பெரிதாகவும் நனையும் விளிம்பு சிறிதாகவும் இருந்தால் ஓட்டம் வேகமெடுக்கும்.

புதிய வடிகாலுக்குக் கணக்குப் போட்டால், நிறைந்து ஓடும்போது வேகம் விநாடிக்கு 51 செ.மீ. கொண்டுபோவது விநாடிக்கு 184 லிட்டர். வருவதோ 167. தெரு காய்ந்து கிடக்கும். திறப்பு விழாப் படம் நன்றாக வரும்.

கால் பங்கு அடைத்தால்

இப்போது அடியில் 15 செ.மீ. வண்டல் படிகிறது. மூடியைத் திறந்து எட்டிப்பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. முக்கால் பங்கு காலியாக, நன்றாகத்தான் இருக்கும். கால் பங்கு இடம் போனதால் கால் பங்கு தண்ணீர் குறையும் என்று எதிர்பார்ப்போம். குறைவது அதைவிட அதிகம், 30 சதவீதம்.

வண்டல் தரையை நீக்கவில்லை, மேலே தூக்கியிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் ஓட இடம் நாலில் ஒரு பங்கு குறைந்தது. உரசும் விளிம்போ ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது. அதனால் மீதி இருக்கும் தண்ணீரும் முன்னைவிட மெதுவாக ஓடுகிறது. இடம் போனதோடு வேகமும் போகிறது. வடிகால் இப்போது விநாடிக்கு 128 லிட்டர்தான் கடத்தும். பாதி உயரத்துக்கு, அதாவது 30 செ.மீ. வண்டல் ஏறினால் 76 லிட்டர். புதிதாக இருந்தபோது கடத்தியதில் ஐந்தில் இரண்டு பங்கு. கான்கிரீட்டைவிட வண்டல் சொரசொரப்பானது என்பதையும், அதில் சிக்கிய பிளாஸ்டிக் பைகளையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் இன்னும் குறையும்.

167 லிட்டர் வருகிறது, 128 போகிறது. மிச்சம் 39 லிட்டர் ஒவ்வொரு விநாடியும் தெருவில் தங்குகிறது. ஒரு மணி நேரத்தில் 1,40,000 லிட்டர். 2,250 சதுர மீட்டர் சாலையில் பரப்பினால் 6 செ.மீ. உயரம். வடிகால் பாதி அடைந்திருந்தால் பதினான்கரை செ.மீ. சாலை சமமாக இருப்பதில்லை என்பதால் தாழ்ந்த முனையில் இதைப்போல் இரு மடங்கு நிற்கும். அங்கே இருப்பவர் வீட்டு வாசற்படி ஏறும்.

நல்ல வடிகால், சாதாரண மழை. ஊழலும் இல்லை, ஏரியும் இல்லை. பதினைந்து சென்டிமீட்டர் வண்டல் போதும்.

மணல் ஏன் போவதில்லை?

வீட்டு முற்றத்தில் மணல் கிடந்தால் வாளித் தண்ணீரை வீசி ஊற்றுவோம். மணல் அடித்துக்கொண்டு ஓடும். அதே வாளியைச் சாய்த்து மெதுவாக ஒழுகவிட்டால் தண்ணீர் மட்டும் வாசலைத் தாண்டும், மணல் இருந்த இடத்திலேயே கோலம்போல் கிடக்கும். வடிகாலிலும் இதேதான். மணலையும் சேர்த்து இழுத்துச் செல்ல ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். வடிகால் அமைப்பவர்கள் விநாடிக்கு 60 செ.மீ. என்பதை ஓர் எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். இதைத் ‘தற்கழுவு வேகம்’ என்று சொல்வோம், அதாவது வடிகால் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் வேகம்.

நம் தெரு வடிகாலின் உச்ச வேகமே 51தான். நிறைந்து ஓடும் நாளிலேயே அது தன்னைக் கழுவிக்கொள்ளாது. தூறல் நாட்களில் அடியில் 10 செ.மீ. தண்ணீர் ஓடும்போது வேகம் 26க்கு இறங்கிவிடும். வெயில் காலம் முழுக்கத் தெருவில் சேர்ந்த மணலை இந்தச் சிறுமழைகள்தான் வடிகாலுக்குள் கொண்டுவந்து தள்ளுகின்றன. உள்ளே வந்ததும் கைவிட்டுவிடுகின்றன. படிந்த மணல் ஓட்டத்தை மெதுவாக்கும். மெதுவான ஓட்டம் இன்னும் மணலை இறக்கும். ஒருமுறை அடைக்கத் தொடங்கிய வடிகால் வேகமாக அடைவது இதனால்தான்.

சரிவைக் கூட்டினால் என்ன? 60 செ.மீ. வேகம் வேண்டுமானால் கிலோமீட்டருக்கு 50 செ.மீ. இறக்கம் போதாது, ஏறக்குறைய 70 செ.மீ. வேண்டும். மூன்று கிலோமீட்டர் ஓடி கால்வாயில் விழும் வடிகால் என்றால் இரண்டு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியிருக்கும். அங்கே கால்வாயின் நீர்மட்டம் அதற்கு மேலே நிற்கும். பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் போகாது. மலையூர்க்காரர் இதைப் பற்றிக் கவலைப்படவேண்டியதில்லை. கடலோரத் தட்டை நகரத்தில் பிறந்த வடிகாலுக்கு வண்டல் கூடவே பிறந்த வியாதி. எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் அள்ளிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

அந்த மணல் வருமிடத்தைத் தேட அதிக தூரம் போக வேண்டாம். வீடு கட்டுகிறவர் வாசலில் கொட்டிவைத்த எம்-சாண்ட், தோண்டி மூடிய குழியின் மண், தார் உரிந்த சாலை ஓரம், வேப்பிலைச் சருகு. இதில் கழிவுநீர் கலந்துவிட்டால் கதையே வேறு. பாதாளச் சாக்கடைக்குப் போகவேண்டிய குழாயை யாரோ இரவில் மழைநீர் வடிகாலில் சொருகிவிடுகிறார். மழையில்லாத மாதங்களில் காய்ந்து உதிரியாகக் கிடக்கவேண்டிய மணல் அந்த நீரில் ஊறிக் களிபோல் இறுகுகிறது. மண்வெட்டியால் வாரிப்போடக்கூடியதை அள்ள, பீய்ச்சிக் கரைத்து உறிஞ்சும் இயந்திரம் தேவைப்படும் நிலை வருகிறது. கழிவுநீர் கலந்த வடிகாலில் ஆளை இறக்குவது கொடுமை. அதைச் சொல்லாமல் தூர்வாரும் செலவைப் பற்றி மட்டும் பேசுவது நாகரிகமில்லை.

எட்டு யூனிட்

சரி, நம் தெருவில் அள்ளவேண்டியது எவ்வளவு? 15 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலம், 250 மீட்டர் நீளம். பெருக்கினால் 22.5 கன மீட்டர். கட்டட வேலைக்காரர் கணக்கில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி; அப்படியானால் எட்டு யூனிட். இரண்டு மூன்று டிப்பர் லாரி நடை. ஆண்டுக்கு ஒரு தெருவிலிருந்து எட்டு யூனிட் மண்ணைச் சரியான மாதத்தில் அள்ளி, அன்றைக்கே அப்புறப்படுத்தினால் 1,40,000 லிட்டர் தெருவில் நிற்காது.

‘அன்றைக்கே’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். அள்ளிய வண்டலை வடிகாலின் ஓரத்திலேயே குவித்து, காயட்டும் என்று விட்டுவிட்டு, இடையில் ஒரு மழை பெய்தால் பாதி மீண்டும் உள்ளே போய்விடும். அள்ளிய கணக்கில் எட்டு யூனிட் எழுதியிருக்கும். அது பொய்க் கணக்குமில்லை.

மண் சாலையிலிருந்து இறங்கும் இடத்தில் ஒரு சிறு தொட்டி வைத்து, தண்ணீர் அதில் கொஞ்சம் தயங்கி, மணலை இறக்கிவிட்டு வடிகாலுக்குப் போகும்படி செய்வதும் உண்டு. வண்டல் வடிகட்டித் தொட்டி என்பார்கள். மெதுவாக ஓடினால் மணல் படியும் என்ற அதே விதியை நமக்குச் சாதகமாகத் திருப்பும் கெட்டிக்காரத்தனம் இது: 250 மீட்டர் முழுக்கப் படிவதற்குப் பதில் எட்டிப் பிடிக்கக்கூடிய பத்துப் பன்னிரண்டு தொட்டிகளில் படியட்டும். ஆனால் அந்தத் தொட்டி நிறைந்த மறுநாளே அது இல்லாததற்குச் சமம். ஆண்டுக்கு ஒருமுறை அள்ளவேண்டிய வேலையை, மாதம் ஒருமுறை கையால் செய்யக்கூடிய சின்ன வேலையாக மாற்றித் தருகிறது. மாதாமாதம் வர யாராவது இருக்க வேண்டும்.

கட்டக் கடன் உண்டு, அள்ளக் கடன் இல்லை

இங்கேதான் பௌதிகம் முடிந்து பணம் தொடங்குகிறது.

சென்னையின் வடபகுதியில் கொசஸ்தலையாற்று வடிநிலத்துக்கு மழைநீர் வடிகால் அமைக்கும் திட்டத்தின் மதிப்பீடு 3,220 கோடி ரூபாய், நீளம் 769 கி.மீ. ஆசிய வளர்ச்சி வங்கி கடன் தருகிறது. தெற்கே கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் வளர்ச்சி வங்கி. முதல் திட்டத்தைச் சராசரி பார்த்தால் கிலோமீட்டருக்கு நான்கு கோடிக்கு மேல் வருகிறது. அதில் பெரிய கால்வாய்களும் அடக்கம் என்பதால் நம் இரண்டடி வடிகாலுக்குப் பாதி விலை போடுவோம். 250 மீட்டருக்கு 50 லட்சம்.

ஐம்பது லட்ச ரூபாய்ச் சொத்து பாதி அடைந்தால் தன் வேலையில் ஐந்தில் இரண்டு பங்கைத்தான் செய்கிறது என்று பார்த்தோம். அதாவது ஏறத்தாழ 30 லட்ச ரூபாய் மண்ணுக்கடியில் தூங்குகிறது. அந்த மண்ணை ஆண்டுதோறும் அள்ளவும், உடைந்த மூடி மாற்றவும், தொட்டிகளைக் காலிசெய்யவும் ஒரு லட்சம் ஆகும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் மாறும், வாதம் மாறாது. கட்டிய செலவில் நூற்றுக்கு இரண்டு.

இந்த இரண்டு ரூபாய்தான் கிடைப்பதில்லை. வடிகால் கட்டுவது மூலதனச் செலவு: கண்ணுக்குத் தெரியும் சொத்து, முப்பது ஆண்டு இருக்கும், கடன் தர வங்கி உண்டு, கல்லில் பெயர் பொறிக்கலாம். அள்ளுவது நடைமுறைச் செலவு: அதே ஆண்டில் செய்து அதே ஆண்டில் தீர்ந்துவிடும், அடுத்த ஆண்டு மீண்டும் முதலிலிருந்து. அதற்கு யாரும் கடன் தர மாட்டார்கள், தரவும் கூடாது. சம்பளம், தெருவிளக்கு, குப்பை என்று வரிசையில் நிற்கும் செலவுகளோடு இதுவும் ஆண்டு வருமானத்தில் பங்கு கேட்டு நிற்க வேண்டும். வெள்ளம் வராத ஆண்டில் இதன் குரல் எடுபடாது. வெள்ளம் வந்த ஆண்டில் புதிய வடிகாலுக்குத்தான் பணம் வரும்.

பொறுப்பும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. தெரு வடிகால் மாநகராட்சியுடையது. பெருஞ்சாலை ஓர வடிகால் நெடுஞ்சாலைத் துறையுடையது. அதில் களவாகக் கலக்கும் கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் விவகாரம். அது போய்ச் சேரும் ஆறும் கால்வாயும் நீர்வளத் துறையுடையது. தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. குடிநீருக்கும் கழிவுநீருக்கும் நாம் வரியும் கட்டணமும் கட்டுகிறோம். மழைநீருக்கென்று சென்னை வீட்டுக்காரர் கையில் தனியாக ஒரு சீட்டு வருவதில்லை.

ஏரி வாரியம்

இந்தச் சிக்கல் புதிதல்ல என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளே சாட்சி. முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் அவற்றைப் பேசுகிறோம். அதே கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஆறு பேர் கொண்ட குழு இருக்கிறது, ஓராண்டுப் பதவி. தேர்தலைவிட எனக்கு வியப்பு இதில்தான். மழைநீரைத் தேக்கும் ஓர் ஏரிக்கு, கட்டி முடித்த பிறகு ஆண்டுதோறும் பொறுப்பேற்கப் பெயர் சொல்லக்கூடிய ஆறு மனிதர்கள்.

பணம்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஏரிப்பட்டி என்று நிலம் ஒதுக்கி அதன் விளைச்சலை ஏரிப் பராமரிப்புக்கு வைப்பது ஒன்று. பொன்னை முதலாகக் கொடுத்து, முதலைத் தொடாமல் அதன் வட்டியில் மட்டும் தூர்வாரச் செய்வது இன்னொன்று. ஒரே தடவை கிடைக்கும் கொடையை ஆண்டுதோறும் வரும் வருமானமாக மாற்றும் ஏற்பாடு. இன்றைய நகராட்சிக் கணக்காளர் தவறவிடும் நுட்பம் அது.

பழையதெல்லாம் பொன்னானது என்று சொல்லவில்லை. ஆளுக்கு இத்தனை நாள் உழைப்பு என்ற குடிமராமத்தில் யார் மண் சுமந்தார்கள், யார் கரையில் நின்று மேற்பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் இனிக்காது. 1858இல் சென்னை மாகாணத்தில் அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாகவே ஆக்கினார்கள். சட்டத்தின் துணையோடும் அது தேய்ந்துதான் போனது. தண்ணீரால் பயன்பெறுபவரும் மண் அள்ளுபவரும் வேறு வேறு ஆட்களாகும்போது எந்த ஏற்பாடும் நீடிப்பதில்லை.

ஏரிக்கும் தெரு வடிகாலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஏரி நீரைத் தருகிறது; பாயும் வயலுக்கு ஏற்பப் பங்கு கேட்கலாம். வடிகால் நீரை அகற்றுகிறது. அதனால் யாருக்கு எவ்வளவு லாபம்?

மேட்டு வீடும் பள்ளத்து வீடும்

நம் தெருவின் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆண்டுச் செலவு ஒரு லட்சம், வீட்டுக்கு 2,500 என்கிறார் செயலாளர். மேல்முனை வீட்டுக்காரர் எழுந்திருக்கிறார். “எங்க வீட்டுக்கிட்ட தண்ணி நின்னதே இல்ல சார். நான் எதுக்குக் குடுக்கணும்?” கீழ்முனை வீட்டுக்காரருக்குக் கோபம் வருகிறது, பதில் வரவில்லை. பயன்பெறுகிறவர் கட்ட வேண்டும் என்ற விதிப்படி மேல்முனைக்காரர் சொல்வது சரிதான். ஆண்டுதோறும் முழங்காலளவு தண்ணீரில் நிற்கிறவர்தான் முழுச் செலவையும் ஏற்க வேண்டும் என்று அந்த விதி சொல்லும்.

கேள்வியைத் திருப்பிப் போட்டால் முடிச்சு அவிழும். யார் வீட்டில் தண்ணீர் நிற்கிறது என்று கேட்காமல், யார் எவ்வளவு தண்ணீர் அனுப்புகிறார் என்று கேட்க வேண்டும். மேல்முனை வீட்டில் தண்ணீர் நிற்காததற்குக் காரணமே அது கீழே அனுப்பப்படுவதுதான்.

இந்த அடிப்படையில் கட்டணம் வாங்கும் நகரங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்வியூ என்ற ஊர் 1974இல் மழைநீருக்கெனத் தனி அமைப்பை ஏற்படுத்தி, மனையின் பரப்பையும் அதில் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்பதையும் வைத்துக் கட்டணம் வகுத்தது. பெர்லினில் 2000ஆம் ஆண்டு முதல் கழிவுநீர்க் கட்டணமும் மழைநீர்க் கட்டணமும் தனித்தனி. மழைநீருக்கு, வடிகாலில் சேரும் இறுகிய தரை எத்தனை சதுர மீட்டர் என்று பார்த்து விலை. பிலடெல்ஃபியாவில் நடந்தது சுவையானது. அங்கே வீடல்லாத கட்டடங்களுக்கு முன்பெல்லாம் குடிநீர் மீட்டரின் அளவை வைத்து மழைநீர்க் கட்டணம் போட்டார்கள். ஏக்கர் கணக்கில் தார் போட்ட கார் நிறுத்துமிடத்தில் குழாயே கிடையாது, மீட்டரும் கிடையாது, கட்டணமும் கிடையாது. உயரமான அலுவலகக் கட்டடம் சிறிய கூரையோடு பெருந்தொகை கட்டியது. 2010இல் இதை மாற்றி, மனைப் பரப்பையும் நீர் புகாத தரையையும் அளந்து கட்டணம் போடத் தொடங்கினார்கள். தரையில் நீரை இறக்கிக் காட்டுகிறவருக்குக் கழிவும் உண்டு.

நம் தெருவுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். முப்பது வீடுகள் மனை முழுக்க இறுக மூடியவை: தலைக்கு 223 சதுர மீட்டர். பத்து வீடுகள் கொஞ்சம் மண் விட்டவை: இறுகிய தரை 140. ஆக 8,090. இத்தோடு நிற்கக் கூடாது. சாலையின் 2,250 சதுர மீட்டரும் தண்ணீர் அனுப்புகிறது. அதன் சொந்தக்காரர் மாநகராட்சி. மொத்தம் 10,340. ஒரு லட்சத்தைப் பங்கிட்டால் சதுர மீட்டருக்கு 10 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. முழுக்க மூடிய வீட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,160 ரூபாய். மண் விட்ட வீட்டுக்கு 1,350. ஒரு கிரவுண்டில் நாலு ஃப்ளாட் இருந்தால் தலைக்கு 540. மாநகராட்சியின் பங்கு 21,800. வசூலிப்பவரும் கட்டுபவர் பட்டியலில் வருவதால் சங்கக் கூட்டத்தில் கொஞ்சம் சத்தம் குறையும்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது கட்டணம் வசூலாவதைவிட அது தரும் சமிக்ஞை. காருக்குப் போட்ட சிமென்ட் தளத்தைப் பாதி எடுத்துவிட்டு மண் விட்டால் சீட்டில் தொகை குறையும். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் அந்தக் குழி தூர்ந்துபோய்ப் பூந்தொட்டி வைக்கும் மேடையாகிவிட்டது. அதை அள்ளி உயிர்ப்பித்தால் கட்டணத்தில் கழிவு என்று சொல்லிப் பாருங்கள். நாற்பது வீட்டிலும் ஒரு கன மீட்டர் குழி வேலைசெய்தால் நிரம்புவதற்கு முன் 40,000 லிட்டரைப் பிடித்துவைக்கும். கால் பங்கு அடைந்த நம் வடிகாலிலிருந்து தெருவுக்கு வழிந்தது 1,40,000 லிட்டர். அதில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் இது. பெசன்ட் நகர்போலக் கடலோர மணற்பாங்கான இடமென்றால் மழை பெய்துகொண்டிருக்கும்போதே குழி கீழே உறிஞ்சிக்கொண்டிருக்கும், கணக்கு இன்னும் நன்றாக வரும். களிமண் பகுதியில் குழி நிரம்பியதோடு சரி.

எதிர்ப்புகள் வரும், வரத்தான் வேண்டும். வாடகைக்கு இருப்பவர் கட்டுவதா, சொந்தக்காரர் கட்டுவதா? தரையை யார் அளப்பது? பெர்லினில் வான்வழிப் படங்களை வைத்து அளந்தார்கள். வீட்டு வரிக்கு ஏற்கெனவே கட்டடத்தை அளக்கும் ஊருக்கு அது எட்டாத வேலையல்ல. இவற்றையெல்லாம்விடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு: வசூலான பணம் வேறு செலவுக்குப் போகாது என்பதற்கு என்ன உறுதி? ‘நமக்கு நாமே’ போன்ற திட்டங்களில் மக்கள் ஒரு பங்கும் அரசு மீதியும் போடுவது எடுபடுவதற்கு ஒரு காரணம், போட்ட பணம் எந்த வேலைக்கு என்று போட்டவருக்குத் தெரிவது. அது ஒரு தடவைக் காரியம். ஆண்டுதோறும் வரும் கட்டணத்துக்கும் அதே வெளிச்சம் வேண்டும்: தனிக் கணக்கு, எந்தத் தேதியில் எத்தனை யூனிட் அள்ளி எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்று தெருமுனையில் ஒரு பலகை. எட்டு யூனிட்டை எண்ணுவதற்குப் பொறியாளர் தேவையில்லை, எதிர்வீட்டுத் தாத்தா போதும்.

நம் காகிதத் தெருவின் வடிகால் கீழ்முனையில் எங்கே விழுகிறது என்பதை இதுவரை கேட்காமல் விட்டேன். அங்கே கால்வாய் நிரம்பி நின்றால், கடலில் ஏற்றம் இருந்து முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தால், பளிச்சென்று அள்ளிவைத்த வடிகாலிலும் தண்ணீர் பின்னோக்கி ஏறும். அந்தக் கணக்கில் நாற்பது வீடு போதாது, ஆற்றின் வடிநிலம் முழுக்க வர வேண்டும். அடுத்த அத்தியாயத்தில் அடையாற்றின் முகத்துவாரத்துக்குப் போவோம்.